ஒத்தக்கால்ல நின்னா எல்லாம் சரியா?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபி படிக்கிறவனும் இல்லை. பி.காம். மூன்றாம் வருஷம். டெபிட், கிரெடிட், அரியர் மூணும் தெரிந்தவன். "உனக்கு எதுக்குடே இந்த மேட்டர்"னு கேட்பவர்கள் பதிவைக் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டவும்.

போன கோடை விடுமுறையில் எங்க மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஒரு ஊரில் செவன்ஸ் ஃபுட்பால். கன்னியாகுமரி மாவட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை பக்கம் போனால் அங்கே கிரிக்கெட்டைப் பற்றிப் பேசி ஜெயிக்க முடியாது. பையன் நடக்கிறதுக்கு முன்னாடி பந்தை உதைப்பான். நாங்க நாகர்கோவில்காரங்க, கல்லூரி டீம் பெயரைச் சொல்லிக்கொண்டு போய் அடி வாங்கிவிட்டு வருவது வழக்கம்.

இந்தத் தடவை நிஜமாகவே அடி. எங்க ஸ்டாப்பர் பேக் (வகுப்பில் எல்லோருக்கும் யாருன்னு தெரியும், பெயர் வேண்டாம்) ஒரு கார்னருக்கு எம்பினான். எதிர் டீம் ஆளும் எம்பினான். ரெண்டு தேங்காய் மோதுகிற சத்தம். எங்க ஆள் மணலில் உட்கார்ந்துவிட்டான். ஆட்டத்தை நிறுத்தி, கமிட்டி சார்பில் ஒரு அண்ணன் வந்தார். கழுத்தில் விசில், கையில் ஸ்ப்ரே.

"லேய் மக்கா, எந்திச்சு நில்லு. கண்ண மூடு. ஒத்தக்கால்ல நில்லு பாப்போம்."

நின்றான். பத்து செகண்ட் இருக்கும்.

"ஒண்ணுமில்லடே, ஆடுலே."

ஆடினான். இருபது நிமிஷம் ஆடினான், அதில் ரெண்டு தடவை தலையால் பந்தை அடித்தான். நாங்க கை தட்டினோம், நானும்தான். ராத்திரி பஸ்ஸில் வரும்போது வாந்தி. வீட்டில் "இது எந்த ஊரு"ன்னு அவன் அம்மாவிடமே கேட்டிருக்கிறான். ஆஸ்பத்திரி, சி.டி. ஸ்கேன், "நார்மல்". கன்கஷன் என்பது மூளை குலுங்கிப் போகிற விஷயம், பெரும்பாலும் ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு அஞ்சு வாரம் அவனால் அரைப்பக்கம் தொடர்ந்து படிக்க முடியவில்லை. லைட்டைப் பார்த்தால் தலைவலி. காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரை எழுதாமலேயே எழுந்து வந்தான்.

அந்த அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் டி.வி.யில் பார்த்ததைச் செய்தார். என் கோபம் அந்த ஒத்தக்கால் மேல்தான். அதற்கு இவ்வளவு மரியாதை எங்கேருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் இந்தப் பதிவு.

கண்ணை மூடி நிற்கச் சொல்கிற சோதனை ரொம்பப் பழசு. பெர்லினில் மோரிட்ஸ் ராம்பெர்க் என்கிற டாக்டர் 19ஆம் நூற்றாண்டிலேயே, முதுகுத்தண்டு நோய் வந்தவர்கள் கண்ணை மூடியதும் தள்ளாடுவதைக் கவனித்து எழுதினார். நாம் விழாமல் நிற்பதற்கு மூணு பேர் வேலை பார்க்கிறார்கள். கண், உள்காது, பிறகு பாதத்திலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் போகிற தகவல். கண்ணை மூடினால் ஒருத்தனுக்கு லீவு. மெத்துமெத்தென்ற ஃபோம் மேல் நிறுத்தினால் பாதம் சொல்கிற தகவலும் குழம்பும். மிச்சம் உள்காதும், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிற மூளையும். மூளை குலுங்கியிருந்தால் ஆட்டம் காணும். இதுதான் தத்துவம், இதில் தப்பே இல்லை.

இதை விளையாட்டு வீரர்களுக்கு ஏற்ற மாதிரி ஒழுங்குபடுத்தியது அமெரிக்காவில் நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தில் 1990களின் இறுதியில். ரீமான், குஸ்கிவிக்ஸ் என்ற ரெண்டு பேர். பெயர் பெஸ்: பேலன்ஸ் எரர் ஸ்கோரிங் சிஸ்டம். விஷயம் சிம்பிள். ரெண்டு கையும் இடுப்பு எலும்பில், கண் மூடி, மூணு விதமாக நிற்க வேண்டும்: ரெண்டு காலும் சேர்த்து, பலம் குறைந்த காலில் மட்டும், பிறகு ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு கால் குதியும் விரலும் தொடுகிற மாதிரி. ஒவ்வொன்றும் 20 செகண்ட். தரையில் மூணு, ஃபோம் மேல் மூணு. பக்கத்தில் நிற்கிறவர் தப்பை எண்ணுவார். கை இடுப்பை விட்டு எழும்பினால் ஒண்ணு, கண் திறந்தால் ஒண்ணு, காலை ஊன்றினால் ஒண்ணு, முன்பாதமோ குதிகாலோ தூக்கினால் ஒண்ணு, இடுப்பு 30 டிகிரிக்கு மேல் விலகினால் ஒண்ணு, நிலையை விட்டு 5 செகண்டுக்கு மேல் வெளியே இருந்தால் ஒண்ணு. ஒரு நிலைக்கு அதிகபட்சம் 10. மொத்தம் 60. ஃபோம் இல்லாமல் தரையில் மூணு மட்டும் செய்கிற சின்ன வடிவம்தான், உலகம் முழுக்க கன்கஷனுக்குப் பயன்படுத்துகிற ஸ்கேட் என்ற படிவத்தில் இருக்கிறது. அதன் ஆறாவது பதிப்பு 2023ல் வந்தது.

நம்ம ஊர் பைக் லைசென்ஸுக்கு எட்டு போடுகிறோமே, அதே மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் ஊன்றினால் போச்சு. ஆனால் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கியவன் எல்லாம் வேப்பமூடு ஜங்ஷனில் எப்படி வண்டி ஓட்டுகிறான் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போ என் கேள்வி. "இடுப்பு 30 டிகிரிக்கு மேல்" என்பதை யார் அளப்பது? கண்ணால்தான். ஒரே நேரத்தில் கையும் எடுத்து காலும் ஊன்றினால் ரெண்டா ஒண்ணா? விதிப்படி ஒண்ணு. ஆனால் கை முதலில் எடுத்தானா, கால் முதலில் ஊன்றினானா, இல்லை சேர்ந்தா? கிரிக்கெட் தேர்ட் அம்பயருக்கே ரீப்ளே வேண்டும்.

ஹாஸ்டல் மொட்டைமாடியில் நான் நின்றேன், ஒருத்தன் மொபைலில் எடுத்தான். அதே வீடியோவை மூணு பேரிடம், விதிகளை எழுதிக் கொடுத்து, தனித்தனியாக எண்ணச் சொன்னேன். ஒருத்தன் 9 என்றான், ஒருத்தன் 14 என்றான், மூணாவது ஆள் "நீ நிக்கவே இல்லியே மக்கா" என்று 19 போட்டான். கால் ஒண்ணு, வீடியோ ஒண்ணு, நம்பர் மூணு. இது ஆராய்ச்சி இல்லை, வெட்டி வேலை. ஆனால் நிஜ ஆராய்ச்சி இருக்கிறது. ஃபின்னாஃப் என்பவரும் கூட இருந்தவர்களும் 2009ல் இதையே பயிற்சி பெற்றவர்களை வைத்து, வீடியோ போட்டுச் செய்து பார்த்திருக்கிறார்கள். வெவ்வேறு ஆள் எண்ணும்போது ஒத்துப்போகிற அளவு 0.57. ஒரே ஆள் திரும்ப எண்ணும்போது 0.74.

இந்த நம்பருக்குப் பெயர் ஐ.சி.சி. துபாயில் ஆபீஸ் வைத்திருக்கிற ஐ.சி.சி. இல்லை, இன்ட்ராகிளாஸ் கோரிலேஷன். நம்ம பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரில் கார்ல் பியர்சன் போட்டோமே, அதற்குச் சித்தப்பா பிள்ளை. வித்தியாசம் என்னவென்றால், நீங்கள் எப்போதும் என்னைவிட 5 கூடப் போட்டால் பியர்சன் "ஆஹா, 1.0, அருமையான ஒற்றுமை" என்று சொல்லிவிடும். நாம் ரெண்டு பேரும் ஒரே நம்பரைச் சொல்கிறோமா என்று பார்க்கிற ஐ.சி.சி. அந்த 5ஐயும் கணக்கில் எடுத்து மார்க்கைக் குறைக்கும். 1 என்றால் முழு ஒற்றுமை. 0.57 என்றால், ஆளுக்கு ஆள் நம்பரில் தெரிகிற ஏற்ற இறக்கத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வீரனின் காலிலிருந்து வருகிறது. மிச்சம் எண்ணுகிறவனின் கண்ணிலிருந்து வருகிறது.

அதே கட்டுரையில் இன்னொரு நம்பர் இருக்கிறது. என்னைக் கேட்டால் மேட்டரே அதுதான். முதலில் ஒருத்தர் எண்ணி, பிறகு இன்னொருத்தர் எண்ணினால், ரெண்டுக்கும் 9.4 தப்பாவது வித்தியாசம் இருந்தால்தான் "இது நிஜ மாற்றம்" என்று நம்பலாம். ஒரே ஆள் எண்ணினால் 7.3. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் சத்தம்.

சரி, தலையில் அடிபட்டால் தப்பு எவ்வளவு கூடும்? 2003ல் மெக்ரீ என்பவரின் குழு, 1,631 அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் வீரர்களை (அவங்க ஃபுட்பால், முட்டைப் பந்து) முதலிலேயே சோதித்து வைத்து, அதில் கன்கஷன் ஆன 94 பேரைத் தொடர்ந்து பார்த்தது. அடிபட்ட உடனே பெஸ் தப்பு சராசரியாகக் கூடியது சுமார் 6. அதுவும் மூணு முதல் அஞ்சு நாளில் பழைய நிலைக்கு வந்துவிட்டது.

கூடுவது 6. ஆள் மாறினால் சத்தமே 9.4. கோட்டாற்றில் எங்க பாட்டாவுக்குப் பலசரக்குக் கடை இருந்தது. எடைக்கல்லுக்கு முத்திரை வைக்க ஆள் வருகிற நாளில் பாட்டா முகத்தைப் பார்க்க வேண்டும், பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி இருக்கும். அஞ்சு கிராம் குறைந்தால் கல்லைத் தூக்கிப் போடுவார்கள். நூறு கிராம் முன்னே பின்னே காட்டுகிற தராசில் அறுபது கிராம் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறேன் என்று பாட்டா சொல்லியிருந்தால் சந்தையே சிரித்திருக்கும். சர்க்கரைக்கு இருக்கிற சட்டம் தலைக்கு இல்லை.

சராசரி என்றால் அதற்கு மேலே போனவனும் உண்டு, கீழே போனவனும் உண்டு, உண்மைதான். ஆனால் அடிபட்ட கையோடு சோதித்தாலும், கன்கஷன் ஆனவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் இந்தச் சோதனை தனியாகப் பிடிக்கிறது என்பது ஆராய்ச்சிகளில் வந்த விஷயம். மிச்ச ரெண்டு பங்கு ஒத்தக்காலில் சுகமாக நிற்கும். எங்க ஸ்டாப்பர் பேக் மாதிரி.

இதெல்லாம் அளவெடுத்த ஃபோம், பயிற்சி பெற்ற ஆள் என்று வைத்துச் செய்தது. நம்ம கிரவுண்டுக்கு வாங்க. கடற்கரை மணல், அதில் ஒழுங்காக நிற்கிறவனே கிடையாது. வெறுங்கால். எதிரே நூறு பேர் கூச்சல். முப்பது நிமிஷம் ஓடிக் களைத்த கால். களைப்பிலேயே பெஸ் தப்பு கூடும், அடங்குவதற்குக் கிட்டத்தட்ட 20 நிமிஷம் ஆகும் என்று கண்டிருக்கிறார்கள். அதனால்தான் ஓய்வாக உட்கார வைத்துச் செய்யச் சொல்கிறது ஸ்கேட் படிவம். 10, 15 நிமிஷத்துக்குக் குறைவாக அதைச் சரியாகச் செய்யவே முடியாது என்று அதிலேயே போட்டிருக்கிறது. எல்லாம் நார்மல் என்று வந்தாலும் கன்கஷன் இருக்கலாம் என்றும் போட்டிருக்கிறது. செய்தவர்களே அடக்கமாகத்தான் இருக்கிறார்கள். நாமதான் அதில் பத்து செகண்டைக் கிழித்தெடுத்து சர்டிபிகேட் ஆக்கிவிட்டோம்.

முக்கியமான இன்னொன்று. 6 கூடியது என்று எப்படிச் சொன்னார்கள்? சீசன் தொடங்குவதற்கு முன்னாலேயே ஒவ்வொருத்தனையும் நிறுத்தி எண்ணி வைத்திருந்தார்கள். அக்கவுண்ட்ஸ் பாஷையில் ஓப்பனிங் பேலன்ஸ். அது இல்லாமல் குளோசிங் பேலன்ஸை மட்டும் பார்த்து லாபமா நஷ்டமா என்று சொல்லுங்கள் பார்ப்போம். நம்ம ஊர் செவன்ஸில் ஓப்பனிங் பேலன்ஸ் எவன் எடுத்தான்?

"அது கிராமத்து டோர்னமெண்ட், பெரிய இடத்தில் எல்லாம் சரியா நடக்கும்"னு நினைக்கிறவர்களுக்கு மூணு மேட்ச்.

2019 ஆகஸ்ட் 17, லார்ட்ஸ். ஆர்ச்சர் போட்ட பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில், காதுக்குக் கீழே. 80 ரன்னில் வெளியே போனார். சோதித்தார்கள், பாஸ். முக்கால் மணி நேரத்துக்குள் திரும்ப வந்து 92 வரை ஆடினார். மறுநாள் காலை தலைவலி, மந்தம். திரும்பச் சோதித்தால் ஸ்கோர் இறங்கியிருந்தது. அவருக்குப் பதில் லபுஷேன் இறங்கினார், டெஸ்ட் வரலாற்றில் முதல் கன்கஷன் சப்ஸ்டிடியூட். உலகத்திலேயே நல்ல டாக்டர், நல்ல படிவம், ஓப்பனிங் பேலன்ஸ் எல்லாம் இருந்தும் முதல் நாள் பாஸ். டாக்டர் தப்பு செய்தார் என்று நான் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் பார்த்தபோது அதில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது நம்மாளுங்க மேட்ச். 2020 டிசம்பர் 4, கான்பெரா. நம்ம சேலம் நடராஜன் முதல் டி20, மூணு விக்கெட். அந்த மேட்சை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதீர்கள். கடைசி ஓவரில் ஸ்டார்க் பந்து ஜடேஜா ஹெல்மெட்டில் பட்டது. அப்போது மைதானத்துக்குள் யாரும் ஓடி வந்து சோதிக்கவில்லை, அவர் ஆடி முடித்தார். அதற்கு முன்னாலேயே தொடைத்தசை வேறு பிடித்திருந்தது. இடைவேளையில் டிரெஸ்ஸிங் ரூமில் நம் டீமின் மருத்துவக் குழு பரிசோதித்து, கன்கஷன் என்று சொன்னது. சஹால் பந்து போட வந்தார். 25 ரன்னுக்கு 3 விக்கெட், ஆட்டநாயகன். லேங்கர் மேட்ச் ரெஃப்ரி டேவிட் பூனிடம் போய்க் கத்தியதை எல்லோரும் பார்த்தோம். நாம 11 ரன்னில் ஜெயித்தோம்.

ஜடேஜாவுக்கு நிஜமாகவே தலை சுற்றியதா? சுற்றியிருக்கலாம். ஸ்மித்துக்கு மறுநாள் வந்தது மாதிரி இவருக்குப் பத்து நிமிஷத்தில் வந்திருக்கலாம். நம்மால் நிரூபிக்கவும் முடியாது, லேங்கரால் மறுக்கவும் முடியாது. "நடிச்சான்"னு சொன்னவனுக்கும் ஆதாரம் இல்லை, "சத்தியமா அடி"ன்னு சொன்னவனுக்கும் இல்லை. ஒரு நல்ல தராசு இருந்திருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது.

2025 ஜனவரி 31, புனே. அதே கதை, ரெண்டாம் பாகம். கடைசி ஓவரில் ஷிவம் துபே ஹெல்மெட்டில் அடி, அவருக்குப் பதில் ஹர்ஷித் ராணா. துபே அடித்து ஆடுகிறவர், கொஞ்சம் மிதவேகம் போடுவார். ராணா முழுநேர வேகப்பந்து. மூணு விக்கெட். 15 ரன்னில் ஜெயித்தோம். பட்லர் கடுப்பானார். நியாயமான கடுப்பு. நம்ம டீம் என்பதற்காக நான் பொய் சொல்லப் போவதில்லை.

இங்கேதான் பி.காம்.காரன் மூக்கை நுழைக்கிறான். ஆடிட்டிங் முதல் பாடம் என்ன? கணக்கு எழுதுகிறவனும் சரிபார்க்கிறவனும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. 2013 கம்பெனிச் சட்டப்படி கம்பெனியின் ஊழியர் அந்தக் கம்பெனிக்கு ஆடிட்டராக முடியாது. வெளியாள் ஆடிட்டர் இருந்தும் 2009ல் சத்யம் என்ன ஆச்சு என்று தெரியும். மாற்று ஆளுக்கு மேட்ச் ரெஃப்ரி அனுமதி தர வேண்டும் என்பது சரி. ஆனால் "தலையில் பிரச்சினை" என்று சொல்கிற டாக்டர் டீம் டாக்டர். அவர் நல்லவரா கெட்டவரா என்பது பேச்சே இல்லை. ஆடிட்டர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்றா சட்டம் போட்டார்கள்? அளவுகோலில் 9 தப்பு வரைக்கும் இழுக்க இடம் இருக்கும்போது, எந்தப் பக்கம் இழுத்தால் லாபமோ அந்தப் பக்கம் தானாகச் சாயும். கிரிக்கெட்டில் வெளியே அனுப்பினால் லாபம், எங்க செவன்ஸில் உள்ளே அனுப்பினால் லாபம். தராசு ரெண்டு இடத்திலும் ஒன்றுதான்.

கிரிக்கெட் ஐ.சி.சி. 2025 நடுவில் விதியை மாற்றியது. கன்கஷனுக்கு யார் மாற்று என்று மேட்சுக்கு முன்னாலேயே அஞ்சு பெயர் கொடுத்துவிட வேண்டும். கன்கஷன் என்று வெளியே போனவன் குறைந்தது 7 நாள் ஆடக் கூடாது. கவனியுங்கள், சோதனையை யாரும் மாற்றவில்லை. ஏமாற்றினால் கிடைக்கிற லாபத்தைக் குறைத்தார்கள். அடுத்த மேட்சும் போகும் என்றால் சும்மா தலையைப் பிடிப்பானா? இதைக் கொண்டு வந்தவன் கண்டிப்பாக காமர்ஸ் படித்தவன்.

நடுவில் என் சொந்தக் கதை, சுருக்கமாக. போன வருஷம் எனக்குக் கணுக்கால் பிசகியது. ஆறு வாரம் கழித்துத் தேர்வு முகாமுக்குப் போனேன். அங்கே வேறு சோதனை, ஒய் பேலன்ஸ். ஒரு காலில் நின்று, மறு காலால் முன்னால், பின்னால் உள்பக்கம், பின்னால் வெளிப்பக்கம் என்று மூணு திசையில் கட்டையைத் தள்ள வேண்டும். எனக்கு முன்பக்க வித்தியாசம் ரெண்டு காலுக்கும் 5 சென்டிமீட்டர். "4க்கு மேல போச்சு, ஆட முடியாது" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டு வராந்தாவில் சாக்பீஸ் கோடு போட்டு நாலு நாள் தள்ளிப் பழகினேன். திரும்பப் போனேன். 2 சென்டிமீட்டர், பாஸ். கணுக்கால் அதே கணுக்கால்தான், படியிறங்கும்போது அதே வலி. நான் கற்றுக்கொண்டது கட்டை தள்ளுவதை. நாலு தடவையாவது பழகவிட்ட பிறகே அளக்க வேண்டும் என்று ஆராய்ச்சி செய்தவர்களே சொல்லியிருப்பதைப் பிறகுதான் படித்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால் ஒய் பேலன்ஸில் எண்ணுகிறவர் பிரச்சினை கிடையாது. ஸ்கேல் பார்த்துப் படிப்பதுதானே, ஆளுக்கு ஆள் ஒற்றுமை 0.99 வரை போகிறது. பிளிஸ்கி குழு 2009ல் கண்டது. தராசு சுத்தம். ஆனால் எதை நிறுக்கிறோம்? அந்த 4 சென்டிமீட்டர் எங்கேருந்து வந்தது தெரியுமா? அதே பிளிஸ்கி 2006ல் அமெரிக்காவில் 235 பள்ளிக்கூடக் கூடைப்பந்துப் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னது: முன்பக்க வித்தியாசம் 4க்கு மேல் போனவர்களுக்கு அடிபடும் வாய்ப்பு இரண்டரை மடங்கு. பிறகு வேறு விளையாட்டு, வேறு வயது என்று பார்த்தவர்களுக்கு அது எல்லா இடத்திலும் அப்படியே வரவில்லை. அந்த எல்லைக்கோடு அங்கேருந்து கிளம்பி, கன்னியாகுமரி மாவட்டத்தில் மணலில் ஓடுகிற ஃபுட்பால்காரன் காலுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. ஓஸ்லோவின் ரோல்ட் பார் 2016ல் ஒரு கட்டுரைக்குத் தலைப்பே, காயத்தை முன்கூட்டிச் சொல்லும் சோதனைகள் ஏன் வேலை செய்யவில்லை, அநேகமாக இனியும் செய்யாது என்கிற மாதிரி வைத்தார். அவர் விளையாட்டு மருத்துவத்தில் பெரிய கை.

நம்ம இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜை நினைத்துக்கொள்ளுங்கள். 2020 நவம்பர் 20, ஐ.எஸ்.எல். சீசனின் முதல் ஆட்டம், முதல் பாதியிலேயே முழங்கால். ஏ.சி.எல். கிழிந்து சீசன் முழுக்கப் போயிற்று. அந்த மாதிரி ஒரு ஆள் திரும்ப எப்போது ஆடலாம் என்பதை அறுவை செய்த டாக்டர், தசை வலிமை, மாதக்கணக்கு, வீரனின் மனசு எல்லாம் சேர்த்து முடிவு செய்ய வேண்டும். கட்டை தள்ளுவதும் அதில் ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

பிசியோதெரபி படிக்கிற என் அக்காவிடம் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். "அப்போ டெஸ்ட்டே வேண்டாம்னு சொல்லுதியா? இல்லாததுக்கு இது மேலுல்லா?" என்றாள். அரை மணி நேரம் சண்டை. கடைசியில் அவள் சொன்ன ஒரு விஷயத்தில் நான் மாட்டிக்கொண்டேன். அடிபடாதவர்களைப் பெஸ் பெரும்பாலும் சரியாகவே "அடிபடவில்லை" என்கிறது, பத்தில் ஒன்பது பேருக்கு மேல். அதாவது ஒருத்தன் வழக்கத்தை மீறித் தள்ளாடினால் அதற்கு அர்த்தம் உண்டு. தள்ளாடாமல் நின்றால்தான் அர்த்தம் கிடையாது. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைத்தானே நானும் சொல்கிறேன் அக்கா. வெளியே அனுப்ப இந்தச் சோதனையை வைத்துக்கொள், உள்ளே அனுப்ப வைத்துக்கொள்ளாதே. நம்ம ஊரில் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். நிற்கிறானா, போடு உள்ளே.

இது ஏதோ பரீட்சை ஒன்று போன விஷயம் இல்லை. 2011ல் வட அயர்லாந்தில் பென் ராபின்சன் என்று 14 வயசுப் பையன், பள்ளிக்கூட ரக்பி. ஒரு தடவைக்கு மேல் அடிபட்டது, மைதானத்திலேயே பார்த்தார்கள், தொடர்ந்து ஆடினான். இறந்துபோனான். முதல் குலுங்கல் ஆறுவதற்குள் அடுத்த அடி. அபூர்வம்தான், லட்சத்தில் ஒன்றாகக்கூட இருக்கலாம். எங்க ஆள் அந்த இருபது நிமிஷத்தில் ரெண்டு தடவை தலையால் அடித்தான் என்று மேலே எழுதினேனே, அதை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது.

அதனால் போன வாரம் நாலு பேர் சேர்ந்து அந்த டோர்னமெண்ட் கமிட்டியைப் பார்க்கப் போனோம். ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த வருஷ நோட்டீசில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: தலையில் அடிபட்டு உட்கார்ந்தவன், குழம்பினவன், தலை சுற்றுது என்றவன் அன்றைக்கு ஆடக் கூடாது, எந்தக் காலில் நின்றாலும் சரி. அவனுக்குப் பதில் ஒரு ஆள் கூடுதலாக இறங்கலாம், அது சப்ஸ்டிடியூட் கணக்கில் வராது. சர்வதேச ஃபுட்பால் விதியிலேயே 2024லிருந்து போட்டி நடத்துகிறவர்கள் விரும்பினால் இப்படிக் கன்கஷன் மாற்று வைத்துக்கொள்ளலாம், நாங்க புதுசாக ஒன்றும் கேட்கவில்லை.

கமிட்டித் தலைவர் வயசானவர், அவர் காலத்தில் பெரிய ஆட்டக்காரர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"பிள்ளைகளே, நீங்க சொல்லது நல்ல காரியம்தான். ஆனா செமிஃபைனல்ல ஒருத்தன் களைச்சுப் போனா தலையப் பிடிச்சிட்டு உக்காந்துருவானே, அப்ப என்ன செய்ய?"

கான்பெரா மேட்ச் கடற்கரைக்கே வந்துவிட்டது. எங்க ஸ்டாப்பர் பேக்தான் பதில் சொன்னான். "அப்படி உக்காந்தவன் அடுத்த ஏழு நாளு ஆடப்பிடாதுன்னு போடுங்க பாட்டா. ஃபைனலும் போவும்லா. சும்மா உக்காருவானா?"

தலைவர் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். "நீதானே போன தடவ அடிபட்ட பய?" என்றார். கமிட்டி மீட்டிங் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. எங்களையும் வரச் சொல்லியிருக்கிறார்.